சீர்ச் சேலைக்குச் சுங்கவரி

அந்த மஞ்சள் அட்டை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த ஐந்தாம் நம்பர் லயத்துக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தில் அச்சடித்து, இடையிடையே ஊதா மையால் நிரப்பி, மூலையில் பதுளைத் தபால் கந்தோரின் முத்திரை குத்தியிருந்தது. பெயர் இராக்கம்மா என்பதை மட்டும் தபால்காரன் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த நாட்களில் அரசாங்க முத்திரையோடு ஆங்கிலத்தில் ஒரு தாள் வந்தால் லயத்தில் அதற்கு ஒரே பொருள்தான். பிரஜாவுரிமை விசாரணை. மத்தியானக் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் கூடையை இறக்காமலே இராக்கம்மாவின் வாசலில் கூடிவிட்டார்கள்.

"தேதி போட்டிருக்கா பாரு. கண்டியில விசாரணையா, பதுளையிலயா?"

"பொறந்த சீட்டு கேப்பாங்க. அவ புருசன் செத்த சீட்டும் கேப்பாங்க."

"ஒரே ஒரு அட்டைதானே வந்திருக்கு? மகளுக்குத் தனியா வருமோ?"

இராக்கம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆறு நாளில் மகள் வேலாயிக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஒரு தாள் வந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவில்லை. "ஸ்டோருக்கு ஆளனுப்பி ஞானத்தக் கூப்புடுங்க" என்று மட்டும் சொன்னாள்.

சிவஞானம் தேயிலை ஸ்டோரில் பெட்டிகளுக்கு நம்பரும் எடையும் எழுதுகிறவன். வயது இருபத்தொன்று. செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் நாலு மைல் நடந்து பதுளை பஸாருக்குப் போய், ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் நடந்த மாலை வகுப்பில் ஆங்கிலமும் வணிகமும் படித்தான். அவனிடம் ஒரு கொப்பி இருந்தது. இடது பக்கம் சொல், வலது பக்கம் பொருள். பொருளை முதலில் பென்சிலால்தான் எழுதுவான். அதே சொல்லை மூன்று வெவ்வேறு பேர் அதே பொருளில் சொல்லக் கேட்ட பிறகுதான் மையால் எழுதுவான். மாஸ்டர் சொன்னதைக்கூட ஒருவர் சொன்னதாகத்தான் கணக்கு வைத்தான். ஒன்றரை வருஷத்தில் மை ஏறிய சொற்கள் நாற்பத்தாறு.

அட்டையை அவன் இரண்டு தடவை மனதுக்குள் வாசித்தான். மூன்றாவது தடவை வாசிக்கத் தொடங்கியபோது இராக்கம்மாவின் நாத்தனார் நல்லம்மா அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன்டா, அதுல என்ன ராமாயணமா எழுதியிருக்கு? சொல்லித் தொலை."

"இது பிரஜாவுரிமை இல்ல சின்னம்மா. இந்தியாவுல இருந்து பார்சல் வந்திருக்கு. சுங்கவரி கட்டிட்டு எடுத்துக்கச் சொல்லியிருக்கு."

கூட்டம் மூச்சு விட்டது. இரண்டு மூன்று கூடைகள் தரையில் இறங்கின.

"எம்புட்டு?"

"தொண்ணூறு ரூவா."

இறங்கிய கூடைகள் அப்படியே நின்றன. தொண்ணூறு ரூபாய் என்றால் ஒருத்தி ஏறக்குறைய இரண்டு மாதம் மலையில் கொழுந்தெடுக்க வேண்டும்.

"அபராதமாடா?"

"அபராதம் இல்ல சின்னம்மா. வெளிநாட்டுல இருந்து சாமான் வந்தா அரசாங்கம் வாங்குற பணம்."

"சீருக்கு எதுக்கு வரி? நாங்க என்ன யாவாரமா பண்றோம்? அண்ணன் தங்கச்சி மகளுக்கு அனுப்புனதுக்கு நடுவுல நிக்கிறவனுக்கு என்ன காசு?"

சிவஞானத்துக்கு அந்தக் கேள்வி நியாயமாகவே பட்டது. மாஸ்டர் சொன்னபோது இறக்குமதி என்பது கப்பல், மூட்டை, வியாபாரி என்றுதான் அவன் மனதில் பதிந்திருந்தது. சீர்த் தட்டில் வைக்கிற ஒரு சேலை இறக்குமதி ஆகுமா? ஆகும் என்று அட்டை சொன்னது. அவன் அட்டையின் பின்புறத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தான். முன்னூறு ரூபாய் மதிப்பு, நூற்றுக்கு முப்பது வீதம். தொண்ணூறு. மூன்று தடவை போட்டான். மூன்று தடவையும் தொண்ணூறுதான் வந்தது.

முன்னூறு என்ற தொகை லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பத்து நாளைக்கு முன் முசிறியிலிருந்து இராக்கம்மாவின் அண்ணன் போட்ட கடிதத்தை இதே வாசலில் நின்று உரக்க வாசித்தவன் சிவஞானம்தான். 'மாமன் சீராகப் பட்டுச் சேலை பார்சலில் போட்டிருக்கிறேன். மதிப்பு ரூபாய் முன்னூறு. நாலு பேர் கேட்கச் சொல்லவும்.' நாலு பேர் என்ன, நாற்பது பேர் கேட்டார்கள். அக்கரையில் இருக்கிற அண்ணன் ஒரு கைலேஞ்சித் துணியாவது அனுப்பியதுண்டா என்று பதினைந்து வருஷமாகக் கேட்டுவந்த நல்லம்மா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மாமன் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் பந்தலுக்கு வரவேண்டும். தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அந்தச் சேலைதான் தாய் வீட்டின் ஒரே சாட்சி.

இப்போது நல்லம்மாதான் முந்திக்கொண்டு பேசினாள். "முன்னூறு ரூவாச் சேலைய தொண்ணூறு ரூவாய்க்குப் பயந்து விட்டுருவமா? எங் கம்மல் இருக்கு. சனிக்கிழம பதுளைக்குப் போவோம், அடகு வெப்போம், சேலைய எடுப்போம். மதினி, நீ மூஞ்சிய அப்படி வெச்சுக்காத."

இராக்கம்மாவின் முகம் தெளியவில்லை.

அன்று மாலை வகுப்புக்குப் புறப்பட்டவனைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அவள் மறித்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"தம்பி, ஒன்னய மட்டும் ஒண்ணு கேக்குறேன். அந்த வரிய எதப் பாத்துப் போடுறாங்க? சேலையப் பாத்தா, எழுத்தப் பாத்தா?"

"எழுத்தப் பாத்துத்தான்னு நெனைக்கிறேன் அத்தை. நிச்சயமாத் தெரியல."

"அப்பக் கெட்டுச்சு."

"ஏன்?"

"எங்கண்ணன் வாழத்தாரு வண்டி ஓட்டுறவன். மாட்டையும் சேத்து வித்தாலும் முன்னூறு தேறாது. பார்சல் போடுற எடத்துல மதிப்பு என்னன்னு கேட்டிருப்பாங்க. அவன் சீர் மதிப்பச் சொல்லியிருக்கான்."

சிவஞானத்துக்கு அப்போதுதான் விளங்கியது. தோட்டத்துக் கல்யாணத்தில் சீர்த் தட்டைத் தூக்கிக் காட்டி, கொண்டுவந்தவர் பெயரையும் மதிப்பையும் பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொல்வது வழக்கம். நாற்பது ரூபாய் வேட்டி சேலை நூறாகும். நூறு ரூபாய் அண்டா இருநூற்றைம்பதாகும். சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று எண்ணுவதில்லை, அது மரியாதையின் அளவு. அந்த மரியாதையின் அளவை முசிறி வண்டிக்காரர் அரசாங்கப் படிவத்தில் எழுதிவிட்டார். அரசாங்கம் அதை விலை என்று நம்பி நூற்றுக்கு முப்பது கேட்கிறது.

"உள்ளத சொன்னா கொறைப்பாங்க அத்தை."

"சொல்லலாம். நல்லம்மா கூட வர்றாளே. அவ காதுல விழுந்தா பசறையில மாப்பிள்ள வீடு வரைக்கும் போயிரும். எங்கண்ணன் பொய்யன்னு ஆகிப்போகும். சொல்லலேன்னா அவ கம்மல் அடகுக்குப் போகும், நாப்பது அம்பது ரூவாச் சேலைக்கு. எனக்கு ஒண்ணும் ஓடல."

அவன் அவள் குடத்தைப் பீலியிலிருந்து நகர்த்தி வைத்தான்.

அன்றைய வகுப்பு முடிந்ததும் அவன் ஜெயரட்ணம் மாஸ்டரிடம் போய் நின்றான். எப்படிக் கேட்பது என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தும் கேள்வி குழறியது.

"சேர், ஒருத்தர் பார்சல்ல சாமானோட விலைய மாத்தி எழுதினா என்னாகும்?"

"குற்றம்" என்றார் மாஸ்டர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டே. "சுங்கத்துக்குக் குறைச்சுக் காட்டினால் தண்டம் அடிப்பினம்."

"கொறைச்சு இல்ல சேர். கூட்டி."

மாஸ்டர் திரும்பினார். மூக்குக்கண்ணாடியில் சோக்குத் தூள் படிந்திருந்தது. "கூட்டியோ? வரி கூடவல்லோ வரும்? எந்த விசரன் அப்படி எழுதுவான்? குறைச்சுப் போடுறவையை நான் நெடுகக் கேள்விப்பட்டிருக்கிறன், கூட்டிப் போட்டவையை இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

"அதுவும் குற்றமா சேர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகத்தில இல்லை" என்றார்.

கொப்பியில் சுங்கவரி என்ற சொல்லுக்கு எதிரே 'வெளிநாட்டுப் பொருளின் விலை மீது அரசாங்கம் வாங்கும் பணம்' என்று பென்சிலில் இருந்தது. அவன் 'விலை' என்பதை அழித்து 'எழுதப்பட்ட விலை' என்று எழுதினான். பிறகு அதையும் அழித்தான். வண்டிக்காரரைக் குற்றவாளி ஆக்காமல், நல்லம்மாவின் கம்மலைக் கழற்றாமல், இராக்கம்மாவின் தலையைக் குனிய வைக்காமல் அந்தச் சேலையை எடுக்க வழி இருக்கிறதா? வழி இருந்தால், அவ்வளவு பேருக்கு நடுவில் அதைச் செய்யத் தன்னால் முடியுமா? இரண்டாவது கேள்விதான் அவனை வெள்ளிக்கிழமை முழுவதும் வாட்டியது. இரண்டு தேயிலைப் பெட்டிகளுக்கு ஒரே நம்பரை எழுதி, கிளாக்கரிடம் திட்டு வாங்கினான்.

சனிக்கிழமை காலை மூவரும் பதுளைக்கு வந்தார்கள். திங்கட்கிழமை முகூர்த்தம். நல்லம்மா நேரே அடகுக் கடைப் பக்கம் திரும்பினாள்.

"மொதல்ல கந்தோருல கேட்டுக்குவோம் சின்னம்மா."

"என்னத்தக் கேக்குறது? அதான் அட்டையில இருக்கே."

"கணக்குல பிழை இருக்கலாம்."

"ஒன் கணக்குலதானே பிழை வரும்? அரசாங்கக் கணக்குலயுமா வரும்?" என்று சொல்லிக்கொண்டே அவள் பின்னால் வந்தாள்.

பார்சல் கவுண்டரில் இளையதம்பி என்ற யாழ்ப்பாணத்து எழுத்தர் இருந்தார். சிவஞானம் அட்டையை நீட்டினான். அவனுக்கு இடது பக்கத்தில் இராக்கம்மா, வலது பக்கத்தில் நல்லம்மா. நல்லம்மா கம்பிக்குள் தலையை விடாத குறையாக நின்றாள். ஒன்றரை வருஷம் படித்த ஆங்கிலத்தை அவன் இதுவரை கரும்பலகைக்கு வெளியே பேசியதில்லை.

அவன் ஆங்கிலத்தில் பேசினான். தமிழில் அது ஏறக்குறைய இப்படி இருந்திருக்கும்: "ஐயா, இந்த விலை உண்மை இல்லை. மாமா மரியாதைக்காக விலை எழுதுகிறார். சேலை சிறிய விலை. மாமா பெரிய மனிதன் இல்லை, நல்ல மனிதன்."

இளையதம்பி நிமிர்ந்தார். "என்ன தம்பி? விலை பொ—"

"தயவுசெய்து ஆங்கிலம் ஐயா!" சிவஞானத்தின் குரல் கந்தோர் முழுக்கக் கேட்டது. தபால்தலை வாங்க நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இளையதம்பி கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். பிறகு இராக்கம்மாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நல்லம்மாவைப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாக, வகுப்பில் பேசுகிறவர்போல ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். ஏன் கூட்டி எழுதினார்? சிவஞானம் சொன்னான். இங்கே கல்யாணத்தில் சாமானை உரக்கச் சொல்வார்கள், உரக்கச் சொல்கிற விலை வேறு, கடை விலை வேறு. அவர் அதைப் புரிந்துகொண்டாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. தான் சொன்னது என்னவென்றே அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"என்னடா சொல்றாரு?" என்றாள் நல்லம்மா.

"பார்சலத் திறந்து பாக்கணுமாம்."

துணி உறையின் தையலை அவர் பிரித்தார். அரக்குச் சிவப்புச் சேலை, மாம்பழ நிறக் கரை. மடிப்புக்குள் குண்டூசியால் ஒரு கடைச் சீட்டுக் குத்தியிருந்தது. இளையதம்பி அதைப் பார்த்தார், உள்ளங்கையால் மூடிக் கழற்றினார், அட்டையையும் எடுத்துக்கொண்டு உள்ளே பெரியவரிடம் போனார். இருபது நிமிஷம் ஆயிற்று. திரும்பி வந்தபோது ஊதா எழுத்து சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தது.

"பன்ரெண்டு ரூபா அறுபது சதம்" என்றார் தமிழில்.

இராக்கம்மா முந்தானை முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள். அவளிடம் பதினைந்து ரூபாய் இருந்தது.

"நில்லு நில்லு" என்றாள் நல்லம்மா. "தொண்ணூறு எப்படிடா பன்னண்டாச்சு?"

இராக்கம்மாவின் விரல் முடிச்சில் நின்றது. சிவஞானம் தன் வாயிலிருந்து வந்த பதிலைத் தானே வேறு யாரோ சொன்னதுபோலக் கேட்டான்.

"கல்யாணச் சீருக்குச் சலுகை இருக்கு சின்னம்மா."

இளையதம்பிக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமிக்கொண்டே முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பஸ்ஸில் நல்லம்மா சேலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கரையை விரலால் நீவினாள், ஒரு மூலையைத் திருப்பி உட்புறம் பார்த்தாள், மறுபடி மடித்தாள். "நல்ல சேல" என்றாள்.

திங்கட்கிழமை பந்தலில் சீர் சொல்ல நின்றவனும் சிவஞானம்தான். தாய்மாமன் சீர், பட்டுச் சேலை, மதிப்பு ரூபாய் முன்னூறு என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குக் கையை நீட்டினான். நல்லம்மா விடவில்லை. "வரியையும் சேத்துச் சொல்லு" என்றாள். அரசாங்கம் கல்யாணச் சலுகை கொடுத்து அனுப்பிய சேலை என்று அவன் சொல்லவேண்டியதாயிற்று. பசறையிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். வேலாயி அந்தச் சேலையில் பந்தலுக்கு வந்தபோது இராக்கம்மா அழுதாள். அன்றிரவு தான் வைத்திருந்த நாட்குறிப்பில் தேதி, மழை, விருந்துக்கு வந்தோர் தொகை எல்லாம் எழுதிய சிவஞானம், சலுகை என்ற சொல்லை எழுதவில்லை.

அவன் எழுதாவிட்டாலும் அந்தச் சொல் கால் முளைத்து நடந்தது. பசறைக்குப் போனது, அங்கிருந்து அடுத்த தோட்டங்களுக்குப் போனது. இரண்டு வாரத்தில் ஸ்டோர் கணக்கப்பிள்ளை அவனுக்கே அதைச் சொன்னார். "ஒனக்குத் தெரியுமா ஞானம்? கல்யாணச் சாமானுக்குச் சுங்கவரி பாதிகூட இல்லையாம்." மறுநாள் கடைவீதியில் ஒருவர் சொன்னார். அந்த வாரமே வகுப்பில் ஒரு பையனும் சொன்னான். மூன்று பேர். தன் விதிப்படி அதற்கு மை ஏற்ற வேண்டும் என்பதால், அந்த வாரம் அவன் கொப்பியைத் திறக்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொனராகலைப் பக்கத்து றப்பர் தோட்டத்திலிருந்து அழகையா என்ற ஆள் லயத்துக்கு வந்து சேர்ந்தார். கையில் மஞ்சள் அட்டை. முந்தின நாள் வேலையைப் போட்டுவிட்டு, பஸ் பிடித்து பதுளைக்கு வந்திருக்கிறார். மகள் கல்யாணத்துக்குப் புதுக்கோட்டையிலிருந்து மைத்துனர் அனுப்பிய குத்துவிளக்கு. வரி நாற்பத்தைந்து ரூபாய். சலுகையை நம்பி எட்டு ரூபாயோடு வந்தவரைக் கவுண்டரில் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். இன்னும் நாலு நாளில் எடுக்காவிட்டால் விளக்கு இந்தியாவுக்கே திரும்பிப் போய்விடும்.

"பதுளையில தெரிஞ்சவன் கடைத் திண்டுல படுத்துக் கெடந்துட்டு வர்றேன். சலுகை சொன்ன ஞானம் யாரு?" அவர் குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. "எனக்குக் கெடைக்காத சலுகை ஒங்களுக்கு மட்டும் எப்படிக் கெடைச்சுது தம்பி? நீங்களும் தோட்டத்து ஆளுங்க, நாங்களும் தோட்டத்து ஆளுங்க."

வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நல்லம்மாவின் சுளகு நின்றது. சிவஞானம் இரண்டு பக்கமும் கூட்டிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் இராக்கம்மாவின் அண்ணன் மானம் போயிற்று. சொல்லாவிட்டால் இந்த மனிதரின் விளக்குப் போயிற்று.

உள்ளேயிருந்து இராக்கம்மா வெளியே வந்தாள்.

"அண்ணே, சலுகையும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கண்ணன் கூட்டி எழுதிட்டான். சேலை நாப்பத்திரண்டு ரூவா. இந்தப் புள்ள எங்க மானத்துக்காக ஒரு பொய் சொல்லிச்சு. அதத் திட்டாதீங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் நல்லம்மாவின் பக்கம் திரும்பி நின்றாள். வருவது வரட்டும் என்பது போலிருந்தது.

நல்லம்மா சுளகைக் கீழே வைத்தாள். "என்ன என்னயப் பாக்குற? பஸ்ஸுலயே தெரியும் எனக்கு. உள்பக்கத்தப் பாத்தா பட்டா நூலான்னு தெரியாதா? நாலு மகளுக்குச் சேல எடுத்தவ நான்."

சிவஞானம் அவள் பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுமா சின்னம்மா சலுகைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

"பின்ன? மாப்பிள்ளையோட சித்தி அன்னைக்கே என்னயக் கேட்டுட்டா, தொண்ணூறு எப்படிக் கொறஞ்சுதுன்னு. சலுகைன்னு அடிச்சுச் சொல்லலேன்னா சேல கொறஞ்சதுன்னு அவளே கணக்குப் போட்டிருப்பா. வேலாயி ஒனக்கு மட்டும் மகளா மதினி? எங்கண்ணன் பெத்த புள்ள. ஒங்கண்ணன நான் எத்தன வேணா பேசுவேன். அது வீட்டுக்குள்ள. பசறைக்காரி பேசக் கூடாது."

இராக்கம்மா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சிவஞானத்துக்குத் தெரியவில்லை.

"அதெல்லாம் சரிதாங்க" என்றார் அழகையா. "எம் வெளக்கு?"

சிவஞானம் அவர் அட்டையை வாங்கிப் பார்த்தான். "மதிப்பு நூத்தியம்பதுன்னு போட்டிருக்கு அண்ணே. உள்ள விலை அதுதானா?"

அழகையா இராக்கம்மாவைப் பார்த்தார். நல்லம்மாவைப் பார்த்தார். சத்தம் கேட்டு வெளியே வந்து நின்ற பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்களையும் பார்த்தார்.

"அது... எம் மச்சான் குடுத்த சீருங்க. நூத்தியம்பதுன்னுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கோம்."

"நான் கேட்டது அது இல்லண்ணே."

"எங்க தோட்டத்துப் பொண்ணுங்க ரெண்டு பேர இங்க கட்டிக்குடுத்திருக்கு. சொன்னா அங்க போயிரும்" என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

நல்லம்மா மறுபடி சுளகை எடுத்து வழக்கத்தைவிடச் சத்தமாகப் புடைக்கத் தொடங்கினாள்.

சிவஞானம் தன் கொப்பியை நினைத்தான். சுங்கவரிக்கு எதிரே அழித்து அழித்துத் தாள் மெலிந்து, அந்தப் பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரிந்தது. மாஸ்டர் ஒன்று சொன்னார், கவுண்டர் ஒன்று செய்தது, ஊர் ஒன்று பேசுகிறது. எது சரி என்று யாரைக் கேட்பது?

"நாளைக்குக் காலையில நானும் வர்றேண்ணே" என்றான். "கவுண்டர்ல நீங்க ஒண்ணும் பேச வேணாம். நாங்க இங்கிலீசுல பேசிக்குவோம்."

அழகையா அவன் காதருகே குனிந்து, சுளகுச் சத்தத்துக்கு நடுவில், விளக்கின் விலையைச் சொன்னார்.